வேகப் படகின் அடிப்பகுதி: கார்பனைக் கேட்பதற்கு முன்

ஐக்கிய அரபு அமீரகத்தின் அஜ்மானில் நான் வேலை பார்க்கும் படகுத் தளத்துக்கு ஒரு கோடைக்காலத்தில் 38 அடி நீளமுள்ள வேகப் படகு ஒன்று பழுதுபார்க்க வந்தது. வேறோர் இடத்தில் கட்டப்பட்டு இரண்டு ஆண்டுகள் மட்டுமே ஓடிய படகு அது. வெளியே ஜெல்கோட் எனும் பளபளப்பான மேற்பூச்சில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால் அலையிலிருந்து இறங்கி நீரில் மோதும் ஒவ்வொரு முறையும் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, பின்னால் எங்கோ ஓர் இடம் தளர்ந்து கொடுப்பதாகப் படகை ஓட்டியவர் சொன்னார். ஒரு நாணயத்தை எடுத்து அடிப்பகுதி முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடங்களில் 'டிங்' என்று தெறித்த ஒலி, அணியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தைத் தாண்டியதும் 'டொக்' என்று அமுங்கியது. ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து பார்த்தபோது அது ஒரு கதவின் அளவுக்கு இருந்தது.

கிரைண்டரால் வெட்டித் திறந்தோம். வெளித்தோலும் கார்பன், உள்தோலும் கார்பன், இரண்டிலும் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. நடுவில் இருந்த நுரைப் பலகை மட்டும் ஒரு தோலிலிருந்து மறு தோல்வரை, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், பிளந்து கிடந்தது. பிளவின் இரு முகங்களும் நாள்தோறும் ஒன்றோடொன்று உரசி மாவாகியிருந்ததால், விரலை வைத்தபோது மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. 'முழுக்க கார்பன்' என்ற ஒரு சொல்லுக்காகவே அந்தப் படகின் சொந்தக்காரர் பெரும் பணம் கொடுத்திருந்தார். எந்தப் பொருளுக்கு அவர் விலை கொடுத்தாரோ அது சிறிதும் பழுதில்லாமல் இருக்க, அதைத் தாங்கவேண்டிய பொருள் உடைந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து, படகு கட்ட வருபவர்கள் இழையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், முதலில் ரெசினையும் (இழையை ஊறவைத்து இறுகச்செய்யும் பிசின்) நடுவில் வைக்கும் நுரையையும் முடிவு செய்யுங்கள், இழையைப் பிறகு பேசுவோம் என்று சொல்லி வருகிறேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

1960 ஏப்ரலில் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோவுக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹண்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற 31 அடி மரப்படகு, கொந்தளிக்கும் கடலிலும் மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டு வென்றது. ஆழ்ந்த 'வி' வடிவ அடிப்பகுதிதான் அந்த வெற்றிக்குக் காரணம். அந்தப் படகின் சொந்தக்காரர் ரிச்சர்ட் பெர்ட்ராம் அந்த வடிவத்தையே கண்ணாடி இழையில் வார்த்து விற்கத் தொடங்கினார். அதுவரை அலையைக் கண்டால் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டியிருந்த படகுகள், அதன்பிறகு அலைமீதே வேகமாக ஓடப் பழகின. அப்படி ஓடுவதன் விலையைக் கொடுப்பது அடிப்பகுதிதான். 60 நாட் வேகம் என்பது மணிக்கு 111 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அலையின் முதுகைவிட்டு எழும்பும் படகு திரும்ப நீரில் விழும்போது கிடைக்கும் அடி, சில மில்லி விநாடிகளே நீடிக்கும் ஒரு சம்மட்டி அடியாகும். ஒரே நாளில் அது ஆயிரக்கணக்கான முறை விழுகிறது. ஒவ்வோர் அடியிலும் அடிப்பகுதி சற்று வளைந்து மீள்கிறது. அந்த வளைவை யார் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பொருள் தேர்வின் முழுக் கேள்வியும்.

முறிவதற்கு முன் எவ்வளவு நீளும் என்ற ஒரு கணக்கை வைத்தே இதன் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளலாம். சாதாரண ஈ-கிளாஸ் கண்ணாடி இழை ஏறத்தாழ 4.5 சதவீதம் நீண்ட பிறகே அறும். படகுகளில் பரவலாகப் பயன்படும் கார்பன் இழை 2 சதவீதத்தை ஒட்டி அறுந்துவிடும். ரெசின்களில், விலை குறைந்த ஆர்த்தோ பாலியெஸ்டர் 2 சதவீதத்தை ஒட்டியே உடையும். வினைல் எஸ்டர் 5 முதல் 6 சதவீதம்வரை நீளும். நல்ல கண்ணாடி இழையை ஆர்த்தோ பாலியெஸ்டரில் ஊறவைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இழை தன் பலத்தில் பாதியைக்கூடக் காட்டுவதற்கு முன் அதைச் சுற்றியிருக்கும் ரெசினில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் விழத் தொடங்கிவிடும்; அந்த வெடிப்புகள் வழியே நீர் உள்ளே இறங்கும்; அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும் லேமினேட், அதாவது இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய அடுக்கு, சற்றே மென்மையாகிக்கொண்டே போகும்.

இதைச் சொல்வதால் பாலியெஸ்டரை நான் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எண்ணவேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் வரிசையாக வார்க்கப்பட்ட ஃபைபர் படகுகளில்தான் நானே ரோலர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மேட்டும் (வெட்டிய இழைத் துண்டுகளாலான விரிப்பு) ரோவிங்கும் (நெய்த தடித்த இழைத்துணி) மாற்றி மாற்றிப் போட்டு, பாலியெஸ்டர் ஊற்றி, கையால் உருட்டிக் கட்டிய அந்தப் படகுகள் சிறிய எஞ்சினோடு நிதானமாகக் கடலுக்குப் போய் வருபவை. அந்த வேலைக்கு அந்த ரெசின் பொருத்தமானது. கரையிலேயே பழுதுபார்க்க முடிவதும் மீனவருக்குப் பெரிய வசதி. 60 நாட் வேகம் கேட்கும் படகு வேறு சாதி.

வேகப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு என் முதல் தேர்வு வினைல் எஸ்டர்தான். அதன் மூலக்கூறின் முதுகெலும்பு எபாக்சியுடையது. நீரால் தாக்கப்படக்கூடிய எஸ்டர் கண்ணிகள் சங்கிலியின் இரு முனைகளில் மட்டுமே இருப்பதால், நீரை எதிர்க்கும் திறன் பாலியெஸ்டரைவிட மிக அதிகம். பழைய படகுகளின் அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிய 'ஆஸ்மோசிஸ்' நோய்க்கு, ஜெல்கோட்டை அடுத்த முதல் அடுக்கையாவது வினைல் எஸ்டரில் போடுவது நம்பகமான தடுப்பு என்று தொழில் முழுவதும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைக் கையாளுவதற்குப் பொறுமை வேண்டும். ரெசினை இறுகவைக்கும் சாதாரண எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட்டைக் கலந்தவுடன் அதிலிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடால் ரெசின் சோடாவைப்போல நுரைக்கும். கையால் கட்டும்போது ரோலர் அந்தக் குமிழிகளை விரட்டிவிடும்; காற்றை உறிஞ்சியெடுத்த வேக்குவம் பைக்குள் ரெசினைச் செலுத்தும்போது விரட்ட ஆளில்லை, அவை லேமினேட்டிலேயே தங்கிவிடும். ஆகவே அந்த முறைக்கு நுரைக்காத வகைக் கேட்டலிஸ்ட்டைத்தான் வாங்கவேண்டும். இன்னொன்று, வளைகுடா வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிவைத்த டிரம் வினைல் எஸ்டர், குளிர்ந்த கிடங்கில் இருப்பதுபோல மாதக்கணக்கில் காத்திருக்காது. திறந்து பார்த்தால் உள்ளே ஜெல்லியாக உறைந்திருந்த டிரம்களை நான் கண்டிருக்கிறேன்.

எபாக்சி எல்லா வகையிலும் மேலானது என்று பலர் நம்புகிறார்கள். ஒட்டும் திறனில் அதற்கு இணை இல்லை என்பது உண்மை. இறுகும்போது பாலியெஸ்டர் 7 சதவீதம்வரை சுருங்குகிறது. எபாக்சி 1 அல்லது 2 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. கெவ்லார் போன்ற அராமிட் இழைகளும் கார்பனும் எபாக்சியோடுதான் மிக நன்றாகப் பிணைகின்றன. ஆனால் அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்ட எபாக்சி, 50 அல்லது 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். இந்த ஊரின் ஆகஸ்ட் வெயிலில் டிரெய்லரில் நிற்கும் கறுப்புப் படகின் பக்கவாட்டில் நண்பகலில் உள்ளங்கையை வைக்கவே முடியாது. ஒரே வாரத்தில் துணியின் நெசவு மேற்பரப்பில் அப்படியே எழும்பித் தெரியும். எனவே, வார்த்த பிறகு படகை முழுதாக மூடி, மெல்ல மெல்ல வெப்பத்தை ஏற்றிப் பல மணி நேரம் வேகவைக்கும் வசதி இல்லாத தளம், எபாக்சியைத் தேர்ந்தெடுப்பதால் அடையும் பயன் பாதிதான். வேகவைக்கும் அடுப்பு இல்லாத இடத்தில் நன்றாகச் செய்த வினைல் எஸ்டர் படகையே நான் பரிந்துரைப்பேன்.

வேலை செய்பவர்களின் உடம்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். பாலியெஸ்டரும் வினைல் எஸ்டரும் தங்களுக்குள் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பானின் நெடியால் தலையைக் கனக்கவைக்கும். எபாக்சிக்கு நெடி குறைவு, ஆனால் அதை இறுகவைக்கும் ஹார்டனர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமையாக மாறும், மாறிய பிறகு பெரும்பாலும் திரும்பாது. என்னோடு எட்டு ஆண்டு வேலை பார்த்த ஒரு அண்ணன், கையுறை போட்டால் துணி சரியாகப் படிவதில்லை என்று வெறுங்கையோடு வேலை செய்து பழகியவர், இப்போது ஹார்டனர் டப்பா திறந்திருக்கும் அறைக்குள்ளேயே வரமுடியாமல் தச்சுப் பிரிவுக்கு மாறிவிட்டார். கையுறையும் முகமூடியும் வாங்க மனமில்லாத தளத்துக்கு எந்த ரெசினும் ஏற்றதல்ல.

இழைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நெய்த ரோவிங்கில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால், இழுவிசை வரும்போது முதலில் நேராகவே முயலும். இழைகளை நேராகப் படுக்கவைத்துத் தைத்த பயாக்சியல் துணியில் அந்தக் குறை இல்லை. கண்ணாடியிலிருந்து கார்பனுக்குத் தாவுவதற்கு முன், ரோவிங்கிலிருந்து தைத்த துணிக்கு மாறினாலே பெரிய முன்னேற்றம் தெரியும். மேட்டை எபாக்சியோடு போடக்கூடாது, ஏனெனில் பெரும்பாலான மேட்டுகளைப் பிணைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் அது இல்லை. கார்பனையும் கண்ணாடியையும் ஒரே திசையில் கலந்து போட்டால் விறைப்பான கார்பன்தான் சுமை முழுவதையும் முதலில் ஏற்றுக்கொண்டு முதலில் அறும். கண்ணாடி அதுவரை சும்மா இருக்கும். கார்பன் வாங்கும்போது, அதன் மேற்பூச்சு எபாக்சிக்கானதா வினைல் எஸ்டருக்கானதா என்று கேட்டு வாங்குபவர் மிகச் சிலரே. அராமிட் இழை அழுத்தத்தைத் தாங்காது, கத்தரிக்கோலுக்கு அடங்காது, ஈரத்தை இழுக்கும். ஆனால் ரெசின் நொறுங்கிய பிறகும் துண்டுகளைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஷார்ஜாவில் காலித் உப்பங்கழியில் நடக்கும் எஃப்1 எச்2ஓ வேகப் படகுப் பந்தயத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஓட்டுநரைச் சுற்றியிருக்கும் கூண்டுக்கு இந்தக் குணம் எவ்வளவு தேவை என்று நினைத்துக்கொள்வேன்.

இனி, அந்தப் படகில் உடைந்த நுரைக்கு வருகிறேன். ஒரு திண்ணமான லேமினேட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் அதன் தடிமனுக்குச் சமமான இலேசான பலகையை வைத்தால் விறைப்பு ஏறத்தாழ 7 மடங்காகிறது. மொத்தத் தடிமன் நான்கு மடங்காகும்படி வைத்தால் 37 மடங்காகிறது. எடை சிறிதளவே கூடுகிறது. இந்த அற்புதத்தில் மயங்கித்தான் எல்லாரும் மிக இலேசான நுரையைத் தேடிப் போகிறார்கள். ஆனால் இரு தோல்களும் ஒன்றையொன்று சறுக்கிக்கொண்டு போகாமல் பிடித்துவைக்கும் வேலை முழுவதும் நுரையின் தலையில்தான் விழுகிறது. வெட்டியெடுத்த துண்டை நிறுத்துப் பார்த்தபோது கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தியுள்ள பி.வி.சி. நுரை என்று தெரிந்தது. அந்த வகை நுரை சறுக்கு விசையை ஏறத்தாழ 0.76 மெகாபாஸ்கல்வரை தாங்கும். அதுவே 100 கிலோ அடர்த்தியாக இருந்தால் 1.6 மெகாபாஸ்கல்வரை தாங்கும். முறிவதற்கு முன் நீளும் அளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் இந்த மாற்றத்தால் கூடும் எடை சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அலை மோதும் முன்பகுதி முழுவதையும் பத்து சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து கிலோ, அதாவது டேங்கில் பதினான்கு லிட்டருக்கும் குறைவான பெட்ரோல். அந்தப் பத்து கிலோவை மிச்சப்படுத்தப் போய்த்தான் படகு உடைந்தது. அடி விழும் இடத்தில் பி.வி.சி.யைவிட எஸ்.ஏ.என். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் நுரையையே நான் விரும்புகிறேன். அது நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். பால்சா மரம் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும், படகின் பின்பக்கத்தை மூடும் கடையால் பலகைக்கு அருகிலும் எஞ்சின் மேடையிலும் உதவும். ஆனால் ஒரே ஒரு திருகாணித் துளையை ரெசினால் அடைக்காமல் விட்டாலும் நீர் புகுந்து உளுத்துவிடும்.

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும், அதை எப்படி வார்க்கிறோம் என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. கையால் மேட்டைக் கட்டினால் எடையில் 30 சதவீதம்தான் இழை, மீதி ரெசின். வேக்குவத்தால் ரெசினை இழுத்துச் செலுத்தினால் கண்ணாடி இழை 65 முதல் 70 சதவீதம்வரை ஏறும். நாங்கள் கோடையில் அதிகாலை மூன்று மணிக்குத்தான் ரெசின் குழாயைத் திறப்போம். முந்தைய நாள் மாலையே டிரம்களைக் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோய்விடுவோம். பையைக் கட்டி, பம்பை நிறுத்தி, அழுத்தமானியின் முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த இரவின் மிக நீண்ட நேரம். ரெசின் போகவேண்டிய தூரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், ஒரு குழாயை அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டாலும், போய்ச் சேருவதற்கு முன்பே ரெசின் உறைந்து நடுவில் வெள்ளைத் திட்டாக உலர்ந்த துணி நின்றுவிடும். விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கருமையான ஈரவிளிம்பு துணியில் ஊர்ந்து முன்னேறுவதைப் பார்த்து நிற்கும்போது யாரும் பேசமாட்டார்கள்.

அந்த 38 அடிப் படகின் மறுபக்கத்தையும் தட்டிப் பார்த்தோம். அங்கேயும் உள்ளங்கை அளவுக்கு ஒலி அமுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் முன்பகுதி நுரையை முழுதாக எடுத்துவிட்டு, 100 கிலோவுக்கு மேற்பட்ட அடர்த்தியுள்ள எஸ்.ஏ.என். பலகையை வைத்தோம். படகு எபாக்சியில் கட்டப்பட்டது என்பதால் வினைல் எஸ்டரைத் தொடவே இல்லை. இறுகிய எபாக்சியின்மேல் அது நம்பும்படி ஒட்டாது. பழைய தோலின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 20 மில்லிமீட்டர் நீளம் என்று சரித்துத் தேய்த்து, மேலே படிந்திருந்த எண்ணெய்ப் பசையைக் கழுவி, புதிய கார்பனை அடுக்கடுக்காகப் போட்டு, கூடாரம் அமைத்து வேகவைத்தோம். சொந்தக்காரர் பழைய கறுப்பு நிறத்தையே மீண்டும் கேட்டார். வெப்பக் கணக்கை எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். வெள்ளை அடித்துக் கொடுத்தோம்.