நாலு விரல் புல்: பீடோங்கிலிருந்து ஒரு குதிரைக்காரனின் நாட்குறிப்பு

பிப்ரவரி 16

நல்ல மழை பெய்து இன்றோடு 32 நாள். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு தூறல் போட்டது, அதில் தூசிகூட அடங்கவில்லை.

மலேசியாவின் வடமேற்கில் இருக்கும் கெடா மாநிலத்தில் இது வழக்கம்தான். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் வெள்ளத்தைக் கொட்டிவிட்டு, தித்திவாங்சா மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காய்ந்து போய்த்தான் வரும். மலேசியா என்றால் வருஷம் முழுக்கப் பச்சை என்று நினைப்பவர்கள் பிப்ரவரியில் பீடோங்குக்கு ஒரு நடை வந்து பார்க்க வேண்டும்.

என்னிடம் மூன்று குதிரைகள். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை ராணி, பிள்ளைகள் சவாரி பழகும் மட்டக்குதிரை முத்து, அப்புறம் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செவலை. 2024 அக்டோபர் 5-ல் சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தபோது பல குதிரைகளுக்குப் போக்கிடம் தேட வேண்டியிருந்தது. அதில் ஒன்று கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. பழைய தோட்டத் திடலும் அதை ஒட்டிய நிலமுமாக நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். இங்கே எல்லாரும் கௌ கிராஸ் என்று சொல்லும் அகல இலைப் புல்தான் அதிகம், ஓரத்தில் கொஞ்சம் அருகு.

இன்று திடலைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் விரல் வைத்து அளந்தேன். எங்கேயும் இரண்டு விரல் உயரம் தேறவில்லை.

பிப்ரவரி 19

பேட்டரி வேலியை இழுத்துக் கட்டி மூன்று ஏக்கரை அடைத்துவிட்டேன். லாயத்தை ஒட்டிய ஒரு ஏக்கர் மட்டும்தான் இனி அவர்களுக்கு. அந்த ஒரு ஏக்கர் கெட்டுப் போகும், தெரிந்துதான் கொடுக்கிறேன். மற்ற மூன்றும் பிழைக்க வேண்டுமே.

மாடு நாக்கால் புல்லை வளைத்து இழுக்கும், அடியில் கொஞ்சம் மிஞ்சும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் இருக்கிறது. கத்தரிக்கோல் போல மண்ணோடு ஒட்டி நறுக்கிவிடும். இனிப்பாக இருக்கிற இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். சாணம் போட்ட பக்கம் வாய் வைக்காது. அதனால் ஒரே திடலில் ஒரு பக்கம் மொட்டையும் ஒரு பக்கம் முழங்கால் உயரக் காடுமாகக் கிடக்கும்.

வேலி கட்டும்போது பக்கத்து பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, பார்த்துக்கொண்டே இருந்தேன். இலை கொட்டி முடிந்து, செம்பு நிறத்தில் தளிர் விடத் தொடங்கியிருக்கின்றன. அப்பா நாற்பது வருஷம் மரம் சீவியவர். இந்த மாதத்தில் பால் குறைந்துபோகும். "இப்ப மரம் தன் சேமிப்பைத் தின்னு இலை விடுதுடா. இந்த நேரத்துல அதுகிட்ட கேக்கக் கூடாது" என்பார். புல்லும் அப்படித்தான். வேரிலும் தண்டின் அடியிலும் வைத்திருக்கும் சேமிப்பைச் செலவழித்துத்தான் முதல் இலையை விடுகிறது. அந்த இலை வெயிலைப் பிடித்து, செலவழித்ததைத் திருப்பி அடைப்பதற்குள் நாம் குதிரையை விட்டால், புல் இரண்டாவது தடவை கடன் வாங்க வேண்டும். மூன்றாவது தடவை கடன் கிடைக்காது, அந்த இடத்தில் தொட்டாற்சுருங்கியும் லாலாங் என்ற களைப்புல்லும்தான் வரும்.

பிப்ரவரி 24

தீவனக் கணக்கு. செவலை சுமார் 450 கிலோ. ஒரு நாளைக்கு உடம்பு எடையில் 2 விழுக்காடு காய்ந்த கணக்கில் சாப்பிட வேண்டும், அதாவது 9 கிலோ. நேப்பியர் புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பதால், முழுக்க அதையே கொடுத்தால் அவனுக்கு மட்டும் 40 கிலோவுக்கு மேல் வெட்டிப் போட வேண்டியிருக்கும். பாதி நேப்பியர், பாதி ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் காய்ந்த புல் என்று ஓட்டுகிறேன். இந்த மாதம் கை கடிக்கிறது.

நேப்பியரை மட்டுமே நம்பவும் பயம். அதில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் குதிரையின் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும், முகத்து எலும்பு வீங்கும். கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் தீவனச் சுண்ணாம்புக்கல் தூள் கலக்கிறேன்.

மாட்டுத் தீவன மூட்டை மலிவாக வருகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். சில மாட்டுத் தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்து இருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத்தையே கெடுத்துவிடும். குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

மார்ச் 1

அக்கா மகள் அயர்லாந்தில் கில்டேர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறாள். ராத்திரி கூப்பிட்டாள். "மாமா, இங்கயும் புல் வரல. மண் இன்னும் அஞ்சு டிகிரியத் தாண்டல" என்றாள். அங்கே ரைகிராஸ் என்ற புல், மண் கிட்டத்தட்ட 6 டிகிரிக்கு வந்தால்தான் வளரத் தொடங்குமாம். அதுவரை நிலம் சேறு. குதிரையை விட்டால் குளம்பு பட்டு வேரே பெயர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னாள். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி என்று இருக்கும் நாட்கள்தான் அங்கே ஆபத்து. வெயிலில் புல் சர்க்கரை செய்துவிடுகிறது, குளிரில் அதைச் செலவழித்து வளர முடியவில்லை. சர்க்கரை முழுக்க இலையில் நிற்கும். குட்டையான புல்தானே என்று மட்டக்குதிரையை விட்டால், குளம்புக்குள் அழற்சி கண்டு நடக்க முடியாமல் நின்றுவிடும். பனி விழுந்த காலையில் அவள் எதையும் வெளியே விடுவதில்லை.

இங்கே தண்ணீர் இல்லாமல், அங்கே சூடு இல்லாமல். போனை வைக்க மனமே வரவில்லை.

மார்ச் 5

செம்பனைக் காட்டு ஓரத்தில் நல்ல பச்சைப் புல் கிடந்தது. அரிவாளோடு இறங்கினேன். மருந்தடிக்கும் வேலை முடித்து வந்த பக்கத்து லயத்து அக்கா தூரத்திலிருந்தே கத்தினார்: "தம்பி, அத வெட்டாதப்பா! நேத்துதான் அடிச்சோம்." களைக்கொல்லி அடித்த புல் ஓரிரு நாளுக்குப் பச்சையாகத்தான் தெரியும். கை நடுங்கிவிட்டது. இனி அவரைக் கேட்காமல் ஒரு பிடி வெட்ட மாட்டேன். சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 13

மழை! மத்தியானம் மூன்று மணிக்கு ஜெராய் மலை கறுத்தது, நாலு மணிக்குக் கொட்டியது. செவலை நனைந்துகொண்டே நின்றான், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

மார்ச் 18

திடல் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் பாய் விரித்ததுபோல் இருக்கிறது. மூன்றும் வேலி ஓரத்தில் வந்து நின்று என்னையே பார்க்கின்றன.

போன வருஷம் இந்தப் பார்வைக்கு மனம் இளகித்தான் தவறு செய்தேன். மழை விட்டு ஐந்தாம் நாளே திறந்துவிட்டேன். வேர் பிடிக்காத புல் மண்ணோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, ராணி மணலும் சேர்த்து விழுங்கினாள். பத்தாம் நாள் இரவு வயிற்று வலியில் தரையில் உருண்டாள். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, விடியும் வரை நடத்தி நடத்தித்தான் அவளை மீட்டோம். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்து, அடியில் மணல் தங்குகிறதா என்று பார்க்கிறேன். காய்ந்த புல்லையும் தரையில் போடுவதில்லை, ரப்பர் பாய் மேல்தான்.

இன்று அளவு இரண்டு விரல். திறக்கவில்லை.

மார்ச் 29

வாரத்தில் மூன்று மழை. நாலு விரல் தாண்டிவிட்டது. ஆனால் நாலு விரல் என்பது குதிரையைத் திடலிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய உயரம், உள்ளே விடும் உயரம் முக்கால் சாண். சவாரிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர், "இவ்வளவு புல் இருக்கே, ஏன் அண்ணே கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அவரைக் கூட்டிப்போய் ஒரு செடியைத் தோண்டிக் காட்டினேன். மேலே அவ்வளவு இலை, கீழே சுண்டுவிரல் நீளம்கூட வேர் இல்லை. அவர் மகள் அந்தக் குழியை மூடித் தண்ணீர் ஊற்றினாள்.

சாணம் அள்ளும் வேலையை வாரம் இரண்டிலிருந்து மூன்று முறையாக்கினேன். இந்த ஈரமும் சூடும் குடற்புழுவுக்குக் கொண்டாட்டம். புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும், ஒட்ட மேய்வதால் வரும் இன்னொரு கேடு அது.

ஏப்ரல் 7

அடைத்து வைத்த மூன்று ஏக்கரில் முதல் துண்டில் முக்கால் சாண். காய்ந்த புல்லை வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, காலை எட்டு மணிக்குத் திறந்தேன். முத்து முதலில் ஓடினான். ராணி வாசலிலேயே தலையைக் கவிழ்த்தாள். செவலை ஒரு முழு வட்டம் ஓடி வந்து அப்புறம்தான் வாய் வைத்தான்.

ஒரு மணி நேரம்தான். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுப் புல்லுக்குப் பழக இரண்டு வாரமாவது வேண்டும். நாளைக்கும் ஒரு மணி நேரம், வியாழன் ஒன்றரை.

ஒன்பது மணிக்கு முத்துவைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அக்கா மகளுக்குப் படம் அனுப்பினேன். அவளிடமிருந்து பதில்: "மண் எட்டு டிகிரி மாமா. நாளைக்கு நாங்களும் திறக்கிறோம்."