மூன்று வெள்ளிக்கிழமை

"அன்னைக்கு நீ வந்து கேட்டுட்டுப் போனதுக்கப்புறம் மூணு வெள்ளி எனக்கு ஒண்ணுமே வரல, தாயி."

சாமி வந்து குறி சொல்லும் அந்த அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, இந்த வருடம் மழை சரியில்லை என்பதுபோலச் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நான்தான் இரண்டு வருடமாக அதைத் தூக்கிச் சுமக்கிறேன்.

நான் கேட்டது இதுதான்: "வெள்ளிக்கிழமை சாமி வரும்போது, அந்தப் பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி வாக்குக் குடுக்க முடியுமாம்மா?" எழுதிப் பார்க்கும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக எனக்கு அது நான்காவது வருடம். எப்படியாவது ஆளை ஊசி போடும் இடம்வரை கொண்டுவந்துவிட்டால் போதும் என்று பழகியிருந்தேன்.

பெண்ணுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள். நான்கு இரவாகத் தூக்கமில்லை. "இது என் பிள்ளை இல்ல, மாத்திட்டாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் பிரசவகால மனநோய். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். மருந்துக்கு நன்றாகக் கேட்கும். கவனிக்காமல் விட்டால் ஒரே ராத்திரியில் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பச்ச உடம்புக்காரி, காத்து கருப்பு பட்டிருக்கு, வெள்ளிக்கிழமை அம்மாகிட்ட குறி கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். அன்று புதன். உள்ளே அவள் காலைப் பழைய தாவணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். 2017 மனநலச் சட்டத்தில் கட்டிவைப்பது குற்றம் என்று சொன்னேன். மாமனார் தலைக்கு மேல் ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் முன்பு ஒரு வீட்டில் அப்படிச் செய்து, குணமாகித் திரும்பிய பெண்ணை அவர்கள் வாசலுக்குள்ளேயே விடவில்லை. அது என் மனதில் இருந்தது. அல்லது, இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். குழந்தையைப் பாட்டியிடம் தனியாகப் படுக்கவைக்க கிராம சுகாதார செவிலியர் எப்படியோ ஒப்புக்கொள்ள வைத்தார். நான் அங்கிருந்து நேராகக் குறி சொல்லும் அம்மா வீட்டுக்குப் போனேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊர்க் கோயில் கொடையில் ஆடும் உரிமை பரம்பரையாக நான்கு ஆண்களுக்கு. இவருக்கு அங்கே இடமில்லை. முதல் பிள்ளை இறந்த வருடம் இவருக்கு மருள் வந்தபோது பேய் என்றுதான் சொன்னார்கள். பூசாரி வேப்பங்குழையால் அடித்து "யார்டி நீ, சொல்லு" என்று மூன்று நாள் கேட்டிருக்கிறார். ஆண் ஆடினால் எந்தச் சாமி என்று கேட்கிறோம், பெண் ஆடினால் முதலில் பேயா என்று கேட்கிறோம். மூன்றாம் நாள் இவர் வாயில் மாரியாத்தா பேர் வந்ததும் அடி நின்றது. அப்புறம் வீட்டு முன்னறையில் ஒரு படம், ஒரு சூலம், செவ்வாய் வெள்ளி குறி. மற்ற நாளில் "ஏய்" என்று கூப்பிடும் கணவர், அந்த இரண்டு நாளில் மட்டும் காலில் விழுந்து திருநீறு வாங்குவார்.

அந்த முன்னறையில் நடப்பது என் அறையில் நடப்பதில்லை. என்னிடம் வரும் பெண்ணுக்குப் பதிலாக மாமியாரோ கணவனோதான் பேசுவார்கள். அங்கே ஆத்தா நேராகக் கேட்கிறாள்: "இவ மேல கை வச்சியாடா?" கணவன் தலை குனிகிறான். எந்தப் பட்டமும் எனக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. எங்கள் பயிற்சி வகுப்பில் முதல் படமாக 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயைத்தான் காட்டுவார்கள், சங்கிலியோடு எரிந்துபோன 28 பேர். அது மறக்கக்கூடியதில்லை. ஆனால் அதற்கு அடுத்த வருடமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சராசரி ஆறு வாரம் தங்கிய 31 பேருக்கு, மருந்தில்லாமலே நோயின் தீவிரம் 20 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாகச் சொன்னது. அந்த ஆய்வை வகுப்பில் காட்டியதில்லை. இதையெல்லாம் சொல்லித்தான் நான் செய்தது கூட்டு முயற்சி என்று என்னையே சமாதானம் செய்துகொள்வேன்.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். நான் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது நான் சொல்றது இல்லையே தாயி. ஆத்தா சொல்றது. அவகிட்ட நான் எப்படி முன்கூட்டியே சொல்லி வைக்கிறது?"

அப்போது என் வாயில் வந்தது: "உங்களுக்குத் தெரிஞ்சது ஆத்தாளுக்குத் தெரியாமப் போகுமாம்மா?"

எவ்வளவு சாமர்த்தியமான வாக்கியம்! வரும் வழியெல்லாம் அதை நினைத்து எனக்கே பெருமை. அவர் சிரித்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது, "தூக்கம்தாம்மா முக்கியம், முதல்ல அவளத் தூங்க வைக்கணும்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தின் பின்னால் நின்றேன். தீட்டு வீடு என்பதால் பெண்ணைக் கொண்டுவரவில்லை, மாமியார் மட்டும் வந்திருந்தார். சாம்பிராணி, உடுக்கை, எலுமிச்சம்பழம். ஆத்தா மாமியாரைப் பார்த்துக் கத்தினாள்: "அவளத் தூங்க வைங்கடி! தூங்க வைக்கிற எடத்துக்குக் கொண்டு போங்கடி!" முதுகில் சிலிர்த்தது. அது என் வார்த்தை. மாலை நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டோம். பதினாறு நாளில் பெண் தெளிந்து வீடு திரும்பினாள். ஆத்தா வாக்கு என்பதால் மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. பையன் இப்போது தெருவில் ஓடுகிறான். என் மாதாந்திர அறிக்கையில் இது ஒரே வரி: சமூக முக்கியஸ்தர்களுக்கு விழிப்புணர்வு, 1.

சாமி வருவதற்கு முன் அவருக்கு வரிசையாகக் கொட்டாவி வரும். பத்துப் பதினைந்து வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும். பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை கொட்டாவி வந்ததா என்று எத்தனை தடவை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. வந்தது என்றால் ஆத்தா பேசினாள். வரவில்லை என்றால் எனக்காக அவர் பேசினார், அதன் பிறகு மூன்று வாரம் வெறும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சாமி மலையேறிவிட்டது என்று ஊரில் பேசினார்களாம். கணவர் இரண்டாவது வெள்ளிக்கே திருநீற்றுத் தட்டை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாராம்.

"நான் கேட்டது தப்பாம்மா?" என்றேன்.

"தப்புன்னு யாரு சொன்னா? புள்ளயும் தாயும் பொழச்சுக் கெடக்குதுக." ஒரு காம்பை எடுத்துத் தூரப் போட்டார். "அன்னைக்குப் பேசினது யாருன்னு எனக்கே வெளங்கல. அதான்."

ஒரு உயிருக்கு மூன்று வெள்ளி பெரிய விலையா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். விலை கொடுத்தது நானில்லையே, அதனால் சொல்வது சுலபம். அவருக்கு அந்த ஊரில் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் அடி வாங்கிச் சம்பாதித்தது. அதற்குள் கைவிட்டு, இது யார் குரல் என்ற கேள்வியை வைத்துவிட்டு வந்தேன். மறுபடி சாமி வரத்தான் செய்கிறது. முன்போல அடிக்கடி இல்லை என்கிறார்கள்.

போன மாதம் அதே தெருவில் இன்னொரு வீடு. இருபது வயதுப் பையன், தனக்குள்ளே பேசிச் சிரிக்கிறான், வெள்ளிக்கிழமை குறி கேட்டுவிட்டுத்தான் என்கிறார்கள். அந்த அம்மா வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பையனை இதுவரை யாரும் எங்களிடம் கூட்டி வரவில்லை.