காலிஃபிளவர் புழு ஒருவழியா வெளிய வந்துருச்சு

இந்த தடவை பூவுக்குள்ள ஒரு புழு கூட இல்லாம சட்டிக்குப் போயிருக்கு, அந்த சந்தோஷத்துலதான் எழுதுறேன். மருந்து அடிக்காம வளர்க்குறவங்களுக்குத் தெரியும், காலிஃபிளவர வளர்க்குறத விட சுத்தம் பண்றதுதான் பெரும்பாடு. பூ மஞ்சளாகாம இருக்க இலைய சேர்த்துக் கட்டுறோம்ல, புழுவுக்கும் அந்த நிழல்தான் வசதி.

விஷயம் தண்ணியோட சூட்டுலதான் இருக்கு. கொதிக்கிற தண்ணியில முக்கினா புழு செத்துடும் சரி, ஆனா செத்த இடத்துலயே காம்பு இடுக்குல மாட்டிக்குது, வெந்து வெளுத்துட்டா பூ எது புழு எதுன்னே தெரியாது. பச்சத்தண்ணியில உப்பு போட்டா அது தானா பிடிய விட்டுட்டு நெளிஞ்சு வெளிய வருது, நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். லிட்டருக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் கல்லுப்பு கரைச்சு, பூவ கட்டைவிரல் சைஸுக்கு பிரிச்சு (முழுசா போட்டா நடுவுல தண்ணியே போகாது), தலைகீழா அமுக்கி மேல ஒரு தட்டு வெச்சு 20 நிமிஷம். அப்புறம் தண்ணிய வடிகட்டியில கொட்டவே கூடாது, பூவ கையால அள்ளி எடுக்கணும், கொட்டினா அடியில தங்குன மண்ணும் எச்சமும் திரும்ப பூ மேலயே வந்து உக்காந்துடும். காம்பு பிரியுற இடத்துல கடுகை விட சின்னதா கரும்பச்சை உருண்டை (புழுவோட எச்சம்தான்) தெரிஞ்சா உள்ள இன்னும் ஆள் இருக்குன்னு அர்த்தம், அந்தத் துண்ட மட்டும் பிளந்து பாருங்க.

அசுவினிக்கு (செடிச் சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) உப்புத்தண்ணி மட்டும் பத்தாது, குழாய வேகமா திறந்து பின்பக்கத்துலேருந்து அடிக்கணும்.

விதைய பத்தி ஒரு புலம்பல், நான் வாங்குன பாக்கெட்ல ரகத்தோட பேரே போடல, இவ்வளவு நல்லா வந்த பூவ மறுபடி எப்படித் தேடி வாங்குறது சொல்லுங்க! அடுத்து ஊதா கலர் போடப்போறேன், அத தண்ணியில வேகவெச்சா கலர் இறங்கிடும், ஆவிதான் சரி. நாத்து நட்ட அன்னிக்கே வலையும் போட்டுடுவேன், பட்டாம்பூச்சி முட்டை வைக்க இடமே குடுக்கக்கூடாது.

பாதி பூவ ஈரம் போக துணியில பரப்பி, அகல வாணலியில மூடாம வதக்கியாச்சு, அப்பதான் பறிச்சதுங்கிறதால சட்டுன்னு வெந்துருச்சு. மீதி இன்னும் துணியிலதான் கிடக்கு, சாயங்காலம் 3 நிமிஷம் கொதிக்கிற தண்ணியில போட்டு, உடனே ஐஸ் தண்ணிக்கு மாத்தி ஃப்ரீசர்ல வைக்கணும்.