மாலை போட்டா நிறுத்திடறேனே!

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால், மலைக்குப் போய் வந்து கழற்றும்வரை ஒரு சொட்டு தொட மாட்டேன். பல வருடமாக அப்படித்தான். யாராவது என்னைக் குடிக்கு அடிமை என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "அடிமையா இருந்தா ஒரு மண்டலம் எப்படிங்க நிறுத்த முடியும்?" கேட்டவர் அதோடு பேச்சை விட்டுவிடுவார்.

கோவையில் லேத் பட்டறையில் வேலை. நாளெல்லாம் நின்றே செய்வது. ராத்திரி உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. அது போகப்போக ஆஃப் ஆனது. அப்போதும் நிதானமாக வீட்டுக்குப் போவேன் என்பதால் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

காட்டிக்கொடுத்தது கைதான். காலையில் மைக்ரோமீட்டரைப் பிடித்தால் விரல் நடுங்கும். ஒரே ஷாஃப்டை அளக்க அளக்க வேறு வேறு அளவு வரும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் ராத்திரி பாட்டிலிலேயே ஒரு கட்டிங் மிச்சம் வைத்து, வண்டி டூல்ஸ் பையில் சொருகிவிடுவேன். காலையில் அதை ஊற்றிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும். அப்புறம் அளவு சரியாக வரும்.

அந்த வருடமும் மாலை போட்டேன். முதல் ராத்திரி தூக்கமே இல்லை. வேர்த்துக் கொட்டியது, வாந்தி. போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று உதறிக்கொண்டே இருந்தேனாம். மறுநாள் விடியற்காலை குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். மாமியார் சாமி குத்தம் என்றே முடிவு கட்டிவிட்டார்.

அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம்பெண் டாக்டர். கழுத்தைப் பார்த்துவிட்டு, "சாமி கடைசியா எப்பக் குடிச்சாரு?" என்று கேட்டார். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "மாலை போட்டிருக்காருங்க டாக்டர்" என்றாள்.

"அதனாலதாம்மா கேக்கறேன்."

அப்புறம் அவர் விளக்கியது இது. தினமும் குடிக்கும்போது சாராயம் மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மூளையும் அதற்கு எதிராக வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால், அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை விட்டது மாதிரி அந்த வேகம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. நடுக்கம், வேர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு எல்லாம் அதன் விளைவு. சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து நினைவே குழம்பிப்போகும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முந்தைய வருடங்களில் எனக்கு இது வராததற்குக் காரணம், அப்போது உடம்பு இந்த அளவுக்குப் போயிருக்கவில்லை, அவ்வளவுதான்.

குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். வருடக்கணக்கில் குடித்தவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாமாம். நடுக்கத்துக்குக் குளோர்டயசிபாக்சைடு மாத்திரை. முதலில் அதிகமாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். இதுவும் பழக்கமாகிவிடக்கூடிய மருந்து என்பதால் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். எங்கள் குருசாமி வார்டுக்கே வந்து மாலையைக் கழற்றினார். "மலை எங்கயும் போயிடாது சாமி, நீங்க எந்திரிச்சு வாங்க" என்றார்.

கொஞ்சம் தெளிந்த பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். போர்டைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தது. உள்ளே கேட்டது நாலே கேள்வி. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வருமா? குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே கவலைப்பட வேண்டுமாம். எனக்கு நாலும் ஆமாம். மாலை போடுவீர்களா என்று அவர்கள் கேட்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்குமே, 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்று, அதைப் பற்றி என் மனைவி மெதுவாகக் கேட்டாள். டாக்டர் சத்தமே போட்டுவிட்டார். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைப் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று படுத்திவிடும். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்து அவர் வெளியே போய்க் குடித்தால் ஆளே போய்விடலாம். எனக்கு ஈரலும் இதயமும் தாங்குமா என்று பார்த்து, எல்லாம் விளக்கி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் எழுதினார்கள். தினமும் காலையில் மனைவி முன்னால் போட வேண்டும். சாராயம் கலந்த இருமல் மருந்துகூடக் கூடாது. மாத்திரையை விட்டாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும் என்பது எனக்கு உண்மையில் உதவியாக இருந்தது. சாயங்காலம் ஆசை வந்து அப்போதே கடைக்குப் போக முடியாதே.

மாத்திரையால் மட்டும் நின்றது என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடு. அந்த நேரத்துக்கு ஏ.ஏ. கூட்டம் கிடைத்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுவது. 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஆரம்பித்தது, இங்கே தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் இல்லை, பெயர் தவிர எதுவும் கேட்பதில்லை. குடிப்பவர்களின் குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. மனைவி அங்கே போன பிறகுதான் என் வாயை மோந்து பார்ப்பதை விட்டாள். எனக்கு அதுவே பாதி நிம்மதி.

சொந்தக்காரர்கள் சிலர் வண்டியில் வந்து தூக்கிப்போகும் மையங்களைச் சிபாரிசு செய்தார்கள். ஆளை அடைத்துப்போட்டு அடித்தால் குடி போகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனியார் மையம் என்றால் 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்ததா என்று முதலில் கேளுங்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்கள் 14416க்கு அடிக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது.

இப்போது என் மச்சினன் முறை. "தை ஒண்ணுல இருந்து நிறுத்திடறேன் மாமா" என்றான். கை நடுங்குதா என்று கேட்டேன். காலையில் மட்டும் என்றான். திங்கட்கிழமை ஓ.பி. சீட்டு போட நானே கூட்டிப்போகிறேன், அதுவரை நீயாக ஒரேயடியாக நிறுத்திவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். கடைசியாகச் சொன்னது மட்டும் மாமியார் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.