ஒன்றரை மீட்டர் ஏர்ஷிப்: மூக்கு ஒழுகல் நின்றது

வீட்டு ஹாலில் பறக்கவிட ஃபாயில் பையில் ஹீலியம் நிரப்பி நானே செய்துகொண்டிருக்கும் குட்டி ஏர்ஷிப்பின் முன்முனையில் இருந்த வாயு ஒழுகல் ஒருவழியாக நின்றது. நேற்று ராத்திரி பத்து மணிக்குத் தராசில் 358, இன்று காலை பத்துக்கு 361. பன்னிரண்டு மணி நேரத்தில் தூக்கும் எடையில் 3 கிராம்தான் போயிருக்கிறது. போன வாரம் இதே பன்னிரண்டு மணி நேரத்தில் 19 கிராம் போனது, அன்றைக்கு மொத்தத்தையும் பரணில் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அளப்பது இப்படித்தான்: அரைக் கிலோ அரிசிப் பொட்டலத்தைச் சமையல் தராசில் வைத்து, பையை அதில் கட்டிவிட வேண்டும். 500-இல் எவ்வளவு குறைகிறதோ அதுதான் பை தன் எடை போகத் தூக்குவது. வாயு ஒழுக ஒழுக எண் ஏறும். கண்ணால் பார்த்து முடிவு கட்டுவதை இதற்கப்புறம் விட்டுவிட்டேன், காரணம் ஏசி. ஒரு மதியம் ஏசி போட்ட அரை மணியில் பை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒழுகுகிறது என்று பதறித் தையல் முழுக்க சோப்பு நுரை தடவினேன். தராசைப் பார்த்தால் எண் அசையவே இல்லை. குளிரில் பை சுருங்கியது உண்மை, ஆனால் வெளிக்காற்றும் அதே விகிதத்தில் அடர்த்தியாகிவிட்டதே, தூக்கும் எடை எங்கே குறையும்? ஒரு மதியம் வீண்.

இதற்கு முன்னால் ஒரு மாதம் வீணானது வேறு கதை. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் வெள்ளிப் போர்வையை வாங்கி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டப் பார்த்தேன். அது வெறும் பாலியெஸ்டர், சுருளுமே தவிர ஒட்டாது. உள்பக்கம் பாலிதீன் பூசிய பலூன் ஃபாயில்தான் வேண்டும். எது உள்பக்கம் என்று குழப்பமாக இருந்தால் ஒரு மூலையை மடித்துச் சூடு காட்டிப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம்தான் பாலிதீன்.

நீளத் தையலுக்கு அக்காவின் ஹேர் ஸ்ட்ரெய்ட்னர், 140 டிகிரி, நடுவில் பேக்கிங் பேப்பர், மூன்று விநாடி. சூடு ஆறும்வரை துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவசரப்பட்டு இழுத்தால் பிரிந்துவிடும். தொந்தரவு மூக்கில்தான். பையாக ஒட்டும் நான்கு நீளத் துண்டுகளின் கூர்முனைகளும் ஒரே புள்ளியில் வந்து சேர்கிற இடத்தில் மடிப்பு மேல் மடிப்பாக ஏறிவிடுவதால், அடியில் இருக்கும் அடுக்குக்குச் சூடு போவதே இல்லை, நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து நின்றுவிடும். மூன்று தடவை அதே இடத்தைச் சுட்டேன், மூன்றாவது தடவை ஃபாயிலே ஓட்டையானது. கடைசியில் முனையை வெட்டிவிட்டு, துண்டுகளை மூன்று சென்டிமீட்டர் நீட்டிக் குழாய் மாதிரி ஒரு கழுத்து விட்டு, அதைத் தட்டையாக்கிக் குறுக்கே ஒரே நேர்க்கோடாக ஒட்டினேன். பார்க்க மிட்டாய்த்தாள் முறுக்கிய மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒழுகவில்லை.

கணக்குப்படி பையின் கொள்ளளவு 283 லிட்டர். முப்பது டிகிரியில் சுத்தமான ஹீலியம் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் தூக்கும். எனக்குக் கிடைத்ததோ பையின் 98 கிராமையும் சேர்த்து 240. சுருக்கத்தில் கொஞ்சம் போயிருக்கலாம், மிச்சத்துக்கு 'பலூன் கேஸ்' மேல்தான் சந்தேகம். பார்ட்டி அலங்காரக் கடையில் வாடகைக்கு எடுத்த சிலிண்டர், எத்தனை சதவீதம் ஹீலியம் என்று கேட்டால் "பலூன் பறக்கும் சார்" என்கிறார். தொழிற்பேட்டையில் கேட்டால் ஜிஎஸ்டி நம்பர் கேட்கிறார்கள். இத்தனைக்கும் ஹீலியத்தைக் காட்டிக்கொடுத்த மஞ்சள் நிறமாலைக் கோடு 1868 சூரிய கிரகணத்தில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சன் கண்ணில் பட்டது நம் பழைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் இருந்துதான்!

ஹைட்ரஜன் போடு, சல்லிசு என்று நண்பர் நச்சரிக்கிறார். கூடுதலாகக் கிடைப்பது 8 சதவீதம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையானாலும் பற்றிக்கொள்ளும் வாயுவை, பூஜை விளக்கு எரிகிற ஹாலில் நான் விடப்போவதில்லை.

மீதி 142 கிராமில் இரண்டு ட்ரோன் மோட்டார், ஒரு செல் பேட்டரி, ரிசீவர், தெர்மாகோல் வால் எல்லாம் அடங்கிவிடும். வால் இன்னும் ஒட்டவே இல்லை, அதற்குள் இரண்டு மீட்டர் பைக்கு ஃபாயில் ஆர்டர் போட்டாயிற்று. இப்போதைக்குப் பை ஹாலில் மிதப்பதால் ஃபேன் போட முடியாது. அம்மா காலையிலிருந்து பனை விசிறியோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.