மணியின் குளிர்ந்த பாதங்கள்

அன்று காலை என் நாய் மணியால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னங்கால்கள் துவண்டு கிடந்தன. தொட்டுப் பார்த்தேன்; முன்பாதங்களில் சூடு இருந்தது, பின்பாதங்கள் ஜில்லென்று இருந்தன. நகத்தடியில் நீலம். முதுகில் அடிபட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி தேடினார், கிடைக்கவில்லை. இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி, பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

அப்புறம் ஏன் வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்கிறார் என்று புரியவில்லை. பூனைக்கு இப்படி வந்தால் பெரும்பாலும் இதயக் கோளாறு. நாய்க்கு என்றால் சிறுநீரகம், ஹார்மோன், புற்றுநோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். மணிக்குச் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் புற்றுநோய். சில புற்றுநோய் செல்களே ரத்தத்தை உறையத் தூண்டுகின்றன. கொடுத்த குளோபிடோக்ரெல் மாத்திரை புதிய உறைவைத் தடுக்கும், இருப்பதைக் கரைக்காது.

இரவெல்லாம் அந்தப் பாதங்களை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன்.