‘ம்’ கொட்டுகிற வேலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். அம்மா பாம்பனிலிருந்து பேசுகிறாள், நான் ராமநாதபுரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காதில் போனும் இன்னொரு காதில் வேறு எதுவோவுமாக உட்கார்ந்திருக்கிறேன். கருவாட்டு விலை, குழாயில் தண்ணீர் வராதது, சித்தி மகளுக்கு வந்த வரன் என்று அவள் சொல்லச் சொல்ல, நானும் சரியான இடைவெளி விட்டு ‘ம்’, ‘ம்’ என்று போட்டுக்கொண்டே வந்தேன். இதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அப்புறம் அம்மா அதே குரலில், கொஞ்சமும் ஏற்ற இறக்கமில்லாமல், “நேத்து ராத்திரி நம்ம மொட்டைமாடியில ஒரு திமிங்கிலம் வந்து படுத்துருச்சு” என்றாள்.

“ம்” என்றேன்.

“சரி, வச்சிர்றேன்.” வைத்துவிட்டாள்.

எங்கள் அப்பத்தாவிடம் நான் இந்த அளவுக்குக்கூடத் தப்பித்திருக்க முடியாது. ராத்திரி திண்ணையில் கதை சொல்லும்போது பிள்ளைகளில் ஒருவருக்கு ‘ம்’ கொட்டுகிற வேலை கொடுத்துவிடுவாள், பெரும்பாலும் எனக்குத்தான். அந்த ஒரு எழுத்துக்குள் எத்தனை வகை இருக்கிறது என்று அப்போது தெரியாது. பேய் வரப்போகிறது என்றால் மூச்சோடு வரும் ‘ம்’, ராஜா பொய் சொல்கிறான் என்று தோன்றினால் கடைசியில் வளையும் ‘ம்?’, சீக்கிரம் சொல் என்று தள்ளிவிடும் ‘ம்ம்’. தூக்கம் வந்தால் என் ‘ம்’ இழுபடும், உடனே கதை நின்றுவிடும், பாதி வாக்கியத்தில் நின்றாலும் நின்றதுதான். மறுநாள் ராத்திரி, நான் கடைசியாக முழிப்போடு போட்ட ‘ம்’ எதுவோ அந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ, ஒருநாளும் தவறியதில்லை.

திமிங்கிலத்துக்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். பேச்சுக் கலை என்றால் நமக்கு உடனே மேடையும் மைக்கும்தான் ஞாபகம் வருகின்றன. எதிரில் இருக்கிற ஆள் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் தொல்காப்பியம் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லும்போது, ‘கூற்று’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டு உடனே ‘கேட்போர்’ என்பதையும் ஒரு உறுப்பாகவே வைத்திருக்கிறது. யார் பேசுகிறார்கள் என்பதைப் போல யார் காதில் விழுகிறது என்பதும் பாட்டுக்குள் அடக்கம்.

இதில் ‘சிறைப்புறம்’ என்று ஒரு சமாச்சாரம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். தோழி அவனைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தலைவியிடம் பேசுகிறாள், ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழவேண்டும் என்று. கோழியைத் திட்டுகிற சாக்கில் மருமகளைத் திட்டும் மாமியார்களை எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தத் துறை எனக்குப் பாடம் நடத்தாமலே புரிந்தது.

நற்றிணை 172 இன்னும் நுணுக்கம், அதுவும் நெய்தல் பாட்டு, நம் கடற்கரைச் சங்கதி. இங்கே தோழி தலைவனிடமே பேசுகிறாள். சின்ன வயதில் வெள்ளை மணலில் ஒரு புன்னை விதையை அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோனோம், அது முளைத்துவிட்டது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தோம், உங்களைவிட இது உசத்தி, இது உங்கள் தங்கை என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, நிழல் வேண்டுமென்றால் வேறு மரங்கள் இல்லாமலா போய்விட்டன. அவ்வளவுதான் சொல்கிறாள். பகலில் இப்படி வந்து நிற்காதே, ஒழுங்காகக் கல்யாணத்துக்கு வழியைப் பார் என்பது அவள் சொல்லாதது. நடுவில் வலம்புரிச் சங்கு ஒலிப்பதையும், அது புதிதாக வந்த பாணர் பாடும் விளரிப் பண்ணைப் போல இருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறாள். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது.

போன வாரம் மண்டபத்தில் டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டது இது:

“வலையெல்லாம் சரி பண்ணியாச்சா மாப்ள?”

“எங்க மச்சான், கச்சான் இன்னும் நாலு நாளைக்கு விடாது போல.”

“அப்ப அடுத்த வாரம் பாத்துக்குவோம்.”

“டீ சொல்லட்டா?”

காது கொடுத்துக் கேட்டால் கச்சான் காற்றைப் பற்றிய பேச்சு. ஆனால் மச்சான் கொடுத்த கடனைக் கேட்கிறார், காற்று இப்படி அடித்தால் கடலுக்குப் போக முடியாது, போகாமல் காசு ஏது என்கிறார் மாப்பிள்ளை, ஒரு வாரம் தவணை கிடைக்கிறது, நன்றிக்கு ஒரு டீ. பணம் என்ற சொல்லே வரவில்லை. இப்போது வருகிற கதைகள் பலவற்றில் எனக்குள்ள பெரிய எரிச்சல் இதுதான், பாத்திரங்கள் ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் அப்படியே முழுப் பதில் சொல்கிறார்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு. கட்டுரையை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்த மாதிரி. நம் ஊரில் எவன் அப்படிப் பேசுகிறான்?

நேரடியாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருந்தது, அது வேறு. மசலா என்பார்கள், கேள்வி என்று பொருள். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ஆயிரம் மசலாவில், அப்துல்லா இப்னு சலாம் என்ற யூத அறிஞர் நபிகளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், நூல் முழுக்க அந்தக் கேள்வியும் பதிலும்தான். என் கீழக்கரை நண்பன் வீட்டுப் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் இந்த மாதிரிக் கேள்விகளை விடுகதை போலப் போட்டுப் பார்ப்பார்களாம். பதில் தெரிந்தாலும் உடனே சொல்லக்கூடாது, கேட்டவருக்கு மரியாதையாக ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 1964 டிசம்பர் புயலில் ஊர் போய்விட்டது, ஆனால் அந்த மணலில் கரைவலை இன்னும் இருக்கிறது. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். கயிற்றின் இரண்டு முனையும் கரையில், தூரத் தூரமாக இரண்டு கூட்டம். பின்னால் நடந்துகொண்டே இழுப்பார்கள். கடைசியில் நிற்கிற ஆள் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய் முதல் ஆளாகப் பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் வந்து சேரும். அப்போது ஒருவர் ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ போடுகிற பாட்டுக்கு அம்பா என்று பேர். நான் ரொம்ப நாள் அதைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவது என்று நினைத்திருந்தேன். கிட்டே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் வரியைப் பாடுகிற நேரத்தில் மற்றவர்கள் கையை மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள், ‘ஏலேலோ’வில்தான் இழுவை. பதில் சொல்கிற இடத்தில்தான் வலை நகர்கிறது. வயதான ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வர நேரமானபோது, பாட்டு எடுத்தவர் தன் வரியைக் கொஞ்சம் நீட்டினார். பெரியவர் வந்து பிடித்ததும் முடித்தார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஷூவோடு நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டே வரியில் ஷூ பாட்டுக்குள் வந்துவிட்டது, எல்லோரும் சிரித்துக்கொண்டே ‘ஏலேலோ’ போட்டார்கள். அப்புறம் என் கையிலும் கயிற்றைக் கொடுத்தார்கள். அவசரப்பட்டுப் பாதி நொடி முன்னதாகவே இழுத்துவிட்டேன். முப்பது பேர் இழுக்க வேண்டியதை நான் ஒருவன் இழுத்தால் என்ன ஆகும்? வலை அசையவில்லை, என் உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது.

கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது, இதை எழுதிவைத்துவிடுகிறேன். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அது இன்னும் பெரிய பாவம். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று மிருதங்கத்தில் மூன்று பேரைச் சேர்த்துச் சொன்னால் மூன்றாவது ஆள் நம்மூர் முருகபூபதி. இன்று எல்லோரும் பாடுகிற கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு, ‘பூச்சி’ என்று பேர் வாங்கிய ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார். ஆக, ஊர்ப் பெருமைக்காகவாவது உட்காரலாம்.

தனியில் குறைப்பு என்ற கட்டம் வரும். மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்று, வாசித்து நிறுத்தும், கடம் இரண்டு ஆவர்த்தனம் பதில் சொல்லும். அப்புறம் ஆளுக்கு ஒன்று, அரை, கால் என்று குறைந்துகொண்டே போகும். சண்டையில் வார்த்தை சுருங்குவது மாதிரிதான். முடிவில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்று முத்தாய்ப்பு வைப்பார்கள். சில வருஷம் முன்னால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் கடத்துக்கு ஒரு சின்னப் பையன், மிருதங்கத்துக்கு நரைத்த ஆள். அரை ஆவர்த்தனத்துக்கு வந்தபோது பெரியவர் ஒரு சிக்கலான சொல்லை, அதாவது தாளக் கோப்பை, வாசித்துப் போட்டார், பையன் தடுமாறி ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டான். அடுத்த முறை பெரியவர் என்ன செய்தார் தெரியுமா, பையன் ஏற்கெனவே வாசித்திருந்த ஒரு எளிய சொல்லையே எடுத்து, கும்கி என்கிற குழைவான இடது கை ஓசையில் லேசாக வளைத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். பையன் நிமிர்ந்து பார்த்தான். அதற்கப்புறம் அவன் வாசித்தது வேறு வாசிப்பு. பக்கத்தில் என் மாமா, “பாத்தியா, கை குடுத்து ஏத்திட்டாரு” என்றார்.

வயலின்காரர்களும் அப்படித்தான். ராக ஆலாபனையில் பாடுகிறவருக்கு அரை மூச்சுப் பின்னால் நிழல் மாதிரி வந்துகொண்டே இருப்பார்கள், அவர் எங்கே நிற்கப் போகிறார் என்று முன்கூட்டித் தெரியாது, ஆனாலும் நிற்கிற இடத்தில் இவர் வில்லும் வந்து நிற்கும். எங்கள் அப்பத்தா கேட்டிருந்தால், நல்லா ‘ம்’ கொட்டுறான் என்றிருப்பாள்.

கேட்க ஆளே இல்லாவிட்டால்? அகநானூறு 170-இல் தலைவி ஒரு நண்டைப் பிடித்துக்கொள்கிறாள். கடற்கரைச் சோலை எடுத்துச் சொல்லாது, கழி பேசாது, புன்னையும் வாயைத் திறக்காது, உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை, நீயாவது அவனிடம் போய்ச் சொல் என்கிறாள். நண்டு போய்ச் சொல்லியிருக்குமா என்ன. ஆனால் நம் கடற்கரையில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், நண்டு வளை வாசலில் வந்து இரண்டு கண்ணையும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். திமிங்கிலத்துக்கு ‘ம்’ போட்ட என்னைவிட அது எவ்வளவோ மேல்.

நேற்று அம்மா கூப்பிட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். எதிர்வீட்டுக்காரி ஏலத்தில் மீன் எடுத்த இடத்தில் நடந்த தகராறு. யார் முதலில் கையை வைத்தது, யார் யாரை என்ன சொன்னது என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் நான், “அதுக்கு அந்தக்கா சும்மாவா இருந்துச்சு?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை.

“இரு,” என்றாள் அம்மா, “அடுப்பைக் குறைச்சிட்டு வர்றேன்.”